பியானோ கற்கும் மகளுக்கு: 61 கீ இப்போதேவா, 88 கீ கொஞ்சம் பொறுத்தா?

நாலாம்மாடி:

வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. நான்கு மாதமாகப் பியானோ வகுப்புக்குப் போகிறாள். அங்கே இருப்பது சுவரோடு ஒட்டி நிற்கும் நிஜமான மரப் பியானோ. வீட்டில் இருப்பது உறவுக்காரப் பையன் விளையாடி முடித்துக் கொடுத்த 49 கீ உள்ள சின்னக் கீபோர்டு.

போன வாரம் வகுப்பில் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். "இந்த இடத்தை மெதுவா வாசி" என்றார் டீச்சர். இவள் வேகத்தைக் குறைத்தாள். "வேகம் அப்படியே இருக்கட்டும், சத்தத்தை மட்டும் குறை" என்றார். பயந்து பயந்து விரலை வைத்தாள். கீ கீழே போனது, ஓசையே வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் காரணம் தெரியவில்லை. வீட்டுக் கீபோர்டில் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். அதனால் இப்படி ஒரு விஷயம் இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேறு வாங்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். கையில் இருக்கும் பணத்துக்கு 61 கீ உள்ள ஒரு நல்ல கீபோர்டு இன்றைக்கே வாங்கலாம். 88 கீ டிஜிட்டல் பியானோ என்றால் இன்னும் எட்டு மாதம் சேர்க்க வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து வாங்க என்னால் முடியாது. பழையதாக வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன், ஆனால் எதைப் பார்த்து வாங்குவது என்று தெரியாது. நாங்கள் இருப்பது அடுக்குமாடி, ஹெட்ஃபோன் கட்டாயம் வேண்டும். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

தாளக்காரன்:

61 கீயே வாங்குங்கள். நான் படித்ததும் அதில்தான், இன்றைக்கு மேடையில் வாசிப்பதும் அதில்தான். ஒன்பது வயதுக் குழந்தைக்கு இந்த ஆர்வம் எத்தனை நாள் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பெரிய பணத்தைப் போட்டுவிட்டு, பிறகு "இவ்வளவு செலவு பண்ணினேனே" என்று குழந்தையிடம் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது.

இன்னொரு விஷயம். ரிதம், ஆட்டோ அக்கம்பனிமென்ட் (துணை இசையைக் கருவியே வாசிப்பது) எல்லாம் இருக்கிற கீபோர்டில் தாளத்தோடு சேர்ந்து வாசிக்கிற பழக்கம் சீக்கிரம் வரும். எனக்குத் தாளம் நின்றது அப்படித்தான். வேண்டும் என்ற இடத்துக்குத் தூக்கிக்கொண்டும் போகலாம். ஆனால் டச் ரெஸ்பான்ஸ், அதாவது விரல் அழுத்தும் வேகத்துக்கு ஏற்றபடி சத்தம் மாறுவது, அது இல்லாததை மட்டும் வாங்காதீர்கள். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

பியானோ டீச்சர்:

உங்கள் மகள் திரும்பிப் பார்த்த அந்தக் கணத்தைப் படித்ததும் பதில் எழுதாமல் போக முடியவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். எத்தனையோ பிள்ளைகள் முகத்தில் அந்தக் கேள்வியைப் பார்த்திருக்கிறேன்.

ஓசை ஏன் வரவில்லை என்பதை முதலில் சொல்கிறேன், மகளுக்கும் சொல்லுங்கள். பியானோவில் கீயை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் கம்பியை நோக்கி எறியப்படுகிறது. எறியப்படுகிறது என்பதுதான் முக்கியம். கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கீயின் பிடியிலிருந்து விடுபட்டு, மீதித் தூரத்தைத் தன் வேகத்திலேயே கடந்து, அடித்துவிட்டுத் திரும்பி விழுகிறது. ஆக, உங்கள் மகளின் விரல் கொடுத்த வேகம்தான் சத்தம். ரொம்பவும் மெல்ல அழுத்தினால் சுத்தியல் கம்பி வரை போகாமல் பாதியிலேயே விழுந்துவிடும். அன்றைக்கு நடந்தது அதுதான். அவள் தப்பு எதுவும் செய்யவில்லை. அந்த எல்லையைத் தாண்டி ஒரு நூலிழை கூட வைத்து அழுத்தினால் வருவதுதான் டீச்சர் கேட்ட மெல்லிய ஓசை. அந்த நூலிழையை விரல் கண்டுபிடிக்க, வீட்டில் தினமும் தேடிப் பார்க்க ஒரு கருவி வேண்டும்.

இந்த வாத்தியம் பிறந்ததே இதற்காகத்தான். அதற்கு முன் இருந்த ஹார்ப்சிகார்டில் கீயை அழுத்தினால் கம்பி மீட்டப்படும். எப்படி அழுத்தினாலும் சத்தத்தில் பெரிய மாற்றம் இருக்காது. 1700 வாக்கில் ஃப்ளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி மீட்டுவதற்குப் பதில் சுத்தியலால் அடிக்க வைத்தார். மெல்லவும் உரக்கவும் ஒலிக்கும், அதாவது 'பியானோ'வும் 'ஃபோர்ட்டே'வும் முடிகிற வாத்தியம் என்பதுதான் பெயராகவே நின்றுவிட்டது. டச் இல்லாத கீபோர்டைக் கொடுத்துப் பியானோ பழகச் சொன்னால், பெயரில் இருப்பதையே எடுத்துவிட்டுப் பழகச் சொல்வது போல ஆகிவிடும்.

என்னிடம் பதினொரு வயதில் ஒரு பையன் வந்தான். அதற்கு முன் இரண்டு வருடம் டச் இல்லாத கீபோர்டில் வீட்டிலேயே படித்தவன். நொட்டேஷன் (எழுதிய சுரக்குறிப்பு) வாசிப்பதில் கெட்டிக்காரன், தாளமும் சுத்தம். ஆனால் வலது கை வாசிக்கும் பாட்டும் இடது கை வாசிக்கும் துணையும் ஒரே சத்தத்தில் வரும். பாட்டு எது என்றே காதுக்குப் பிடிபடாது. வலது கையை உரக்க, இடது கையை மெல்ல என்று பிரித்துச் சொன்னால் இரண்டு கையும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். ஐந்தே சுரங்கள் உள்ள பயிற்சியை வைத்துக்கொண்டு அதைப் பிரிக்க மாதக்கணக்கில் ஆனது. அவன் அழுத நாளும் உண்டு. இரண்டு கையின் சத்தத்தைப் பிரிப்பது முதல் வருடப் பாடம். அதைப் பழகவே முடியாத கருவி அவன் வீட்டில் இருந்தது.

தாளக்காரன் சொன்னதை நான் மறுக்கவில்லை. அவர் வாசிப்பது கீபோர்டு, அது தனி வித்தை. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வுகளில்கூடப் பியானோவுக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். உங்கள் மகள் வகுப்பில் படிப்பது பியானோ என்பதால் நான் வேறு மாதிரி சொல்கிறேன்.

பொதுவாக எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை கீ என்பதைத்தான். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

முதலில் டச். பெட்டியில் 'டச் ரெஸ்பான்ஸ்' அல்லது 'டச் சென்சிட்டிவ்' என்று எழுதியிருக்க வேண்டும். ஒரே மாதிரி தோற்றத்தில் பக்கத்துப் பக்கத்து மாடல்களில் ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. காசியோவில் சிடி-எஸ்200, சிடி-எஸ்300 இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. 300-ல் டச் உண்டு, 200-ல் இல்லை. யமஹாவில் பிஎஸ்ஆர்-இ373-ல் உண்டு.

அடுத்தது கீயின் அகலம். ஒரு ஸ்கேலை எடுத்து, ஒரு ஸி-யின் (இரண்டிரண்டாக நிற்கும் கறுப்புக் கீகளுக்கு இடது பக்கத்தில் ஒட்டி இருக்கும் வெள்ளைக் கீ) இடது ஓரத்திலிருந்து அடுத்த ஸி-யின் இடது ஓரம் வரை அளந்து பாருங்கள். பியானோவில் 16.5 சென்டிமீட்டர் வரும். சில மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. 14-க்கு அருகில் வந்தால் அது மினி கீ. இப்போது உங்கள் வீட்டில் இருப்பதையும் அளந்து பாருங்கள். மினி கீயாக இருந்தால், அவள் வகுப்பில் அடுத்த கீயைத் தவறிப்போய்த் தொடுவதற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

அப்புறம் சஸ்டெய்ன் பெடல் (காலால் மிதித்தால் ஓசையை நீள வைப்பது) செருக ஒரு துளை. இது இல்லாத மலிவு மாடல்கள் உண்டு. இரண்டாம் வருடம் பெடல் தேவைப்படும்போதுதான் தெரியவரும்.

அதற்குப் பிறகு ஹாமர் ஆக்‌ஷன், அதாவது வெயிட்டட் கீ. உள்ளே நிஜமாகவே எடை வைத்து, சுத்தியலைத் தூக்குகிற உணர்வை விரலுக்குத் தருவது. நல்லவற்றில் இடது பக்கக் கீகள் கனமாகவும் வலது பக்கம் போகப் போக லேசாகவும் இருக்கும், பியானோவில் இருப்பது போலவே. 'செமி வெயிட்டட்', 'பியானோ ஸ்டைல்' என்று எழுதியிருப்பது இது இல்லை. எனக்குத் தெரிந்த சுலபமான சோதனை, கருவியின் எடையைப் பார்ப்பது. ஹாமர் ஆக்‌ஷன் உள்ள 88 கீ கருவிகள் ஸ்டாண்டு இல்லாமலே 10 கிலோவுக்கு மேல் இருக்கும். யமஹா பி-45 பதினொன்றரை கிலோ, ரோலண்ட் எஃப்பி-10 பன்னிரண்டுக்கும் கொஞ்சம் மேலே. ஆறேழு கிலோவில் 88 கீ 'வெயிட்டட்' என்று யாராவது சொன்னால் கையை வைத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

கடைசியாகத்தான் கீயின் எண்ணிக்கை. மொசார்ட் காலத்துப் பியானோவே ஐந்து ஆக்டேவ்தான் (ஒரு ஸி-யிலிருந்து அடுத்த ஸி வரை ஒரு ஆக்டேவ்), எண்ணினால் 61 கீ. எனவே 61 என்பது கேவலமான எண் இல்லை. ஒரே வித்தியாசம், அந்தப் பியானோ தாழ்ந்த எஃப்-ல் தொடங்கியது, இன்றைய 61 கீ கீபோர்டு அதைவிட மேலே ஸி-யில் தொடங்குகிறது. அதனால் இடது கைக்குத்தான் முதலில் இடம் போதாமல் போகும். முதல் ஒன்றரை, இரண்டு வருடப் பாடங்களுக்கு 61 போதும் என்பது என் அனுபவம்.

ரிதம் எத்தனை, டோன் (வெவ்வேறு வாத்தியங்களின் ஓசை) எத்தனை என்பதைப் பார்க்கவே வேண்டாம். 600 டோனில் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, பியானோ டோன். பாலிஃபோனி என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், ஒரே நேரத்தில் எத்தனை ஓசை நிற்கும் என்ற கணக்கு. 64 இருந்தால் இப்போதைக்குத் தாராளம். 32 என்றால் பெடல் மிதித்து வாசிக்கும்போது பழைய சுரங்கள் திடீரென்று அறுபடும்.

சரி, உங்கள் நிலைமைக்கு வருகிறேன். எட்டு மாதம் காத்திருப்பது மட்டும் வேண்டாம். அந்த எட்டு மாதமும் அவள் விரல் ஒரே சத்தத்தைப் பழகும். அதைக் கலைக்க இன்னும் எட்டு மாதம் ஆகும். இன்றைக்கு இருக்கும் பணத்தில் நல்ல நிலையில் உள்ள பழைய 88 கீ வெயிட்டட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள். பி-45, எஃப்பி-10, காசியோ சிடிபி-எஸ்110, கோர்க் பி2 இவற்றில் எது கிடைத்தாலும் ஆரம்பப் பிள்ளைக்குப் பல வருடம் வரும். எனக்கு எஃப்பி-10-ன் கீ கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், அது என் விரலின் விருப்பம். பழையது கிடைக்கவில்லை என்றால் டச் உள்ள 61 கீயை இப்போதே வாங்கி, பெடலும் சேர்த்து வாங்கிவிடுங்கள். வகுப்பில் டீச்சரிடம் சொல்லி, முதல் பத்து நிமிடம் நிஜப் பியானோவில் விரலைப் பழக்க அனுமதி கேளுங்கள். 61 கீ வைத்துக்கொண்டு என்னிடம் நன்றாகப் படித்த பிள்ளைகள் எல்லாரும் அப்படிச் செய்தவர்கள்தான்.

ஒன்றை மறந்துவிட்டேன். எதை வாங்கினாலும் சாப்பாட்டு மேஜை மேல் வைக்காதீர்கள். வெள்ளைக் கீயின் மேல்பரப்பு தரையிலிருந்து ஏறக்குறைய 72, 73 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். மேஜையின் உயரமே அதற்கு மேல் போகும், அதன் மேல் கருவியின் உயரம் வேறு. பிள்ளை தோளைத் தூக்கிக்கொண்டு வாசிக்கும், அரை மணியில் மணிக்கட்டு வலிக்கும். பணம் மிச்சம் இருந்தால் உயரம் மாற்ற முடிகிற ஸ்டாண்டு வாங்குங்கள். கால் தரையில் எட்டவில்லை என்றால் ஒரு பலகை போடுங்கள்.

சோல்டரிங்:

டீச்சர் விவரமாகச் சொல்லிவிட்டார். நான் வாசிக்கிறவன் இல்லை, கீபோர்டு ரிப்பேர் செய்கிறவன். பழையது வாங்கப் போனால் என்ன பார்ப்பது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

டச் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் சோதிப்பது சுலபம். ஒவ்வொரு கீக்கு அடியிலும் ஒரு ரப்பர் குமிழ். அதனுள் கார்பன் பூசிய இரண்டு சின்னக் கான்டாக்ட். கீ இறங்கும்போது முதலில் ஒன்று தொடும், ஒரு கணம் கழித்து இன்னொன்று தொடும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்று உள்ளே இருக்கிற சிப் அளக்கிறது. நேரம் குறைவு என்றால் வேகமாக அடித்திருக்கிறீர்கள், அதிகம் என்றால் மெல்லத் தொட்டிருக்கிறீர்கள். மிடியில், அதாவது இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் முறையில், அந்த வேகம் 1 முதல் 127 வரை ஒரு எண்ணாகப் போகும். எஃப்பி-10 போன்ற சிலவற்றில் மூன்று சென்சார் இருக்கும், அடித்த சுரத்தைச் சீக்கிரம் திரும்ப அடிக்க அது உதவும்.

இந்த இடத்தில் தூசியோ, சிந்திய பானத்தின் பிசுக்கோ ஏறினால் நேரக் கணக்கு கெட்டுப்போகும். அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். அந்தக் கீ ஊமையாகிவிடும், இல்லாவிட்டால் எவ்வளவு மெல்லத் தொட்டாலும் முழுச் சத்தத்தில் கத்தும். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டால் இது தெரியாது. விற்கிறவர் வேகமாக ஒரு பாட்டு வாசிப்பார், எல்லாம் நன்றாகத்தான் கேட்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஹெட்ஃபோனைக் கையோடு கொண்டு போங்கள், சில கருவிகளில் பெரிய துளை இருக்கும், 6.35 மில்லிமீட்டர், அதற்கு ஒரு மாற்றுப் பின்னும் எடுத்துக்கொள்ளுங்கள். டோனைப் பியானோவில் வையுங்கள். இடது ஓரத்தில் தொடங்கி ஒவ்வொரு கீயையும், கறுப்பையும் விடாமல், மெல்ல ஒரு தடவை அழுத்திக்கொண்டே வலது ஓரம் வரை போங்கள். அப்புறம் நடுத்தரமாக ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை. 88 கீயை மூன்று தடவை என்றால் பத்து நிமிடம். விற்கிறவர் அவசரப்பட்டாலும் நிறுத்தாதீர்கள். குனிந்து கீகளின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்றிரண்டு கீழே தொய்ந்து நின்றால் உள்ளே உடைந்திருக்கிறது. அதை வாங்க வேண்டாம். சத்தக் கோளாறு ஒன்றிரண்டு கீயில் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தாலே சரியாகும்.

அடாப்டர் கருவியோடு வந்ததுதானா என்று பாருங்கள். வேறு அடாப்டர் என்றால் வோல்ட் மட்டும் ஒத்திருந்தால் போதாது, பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற சின்னப் படமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றிச் செருகிப் போர்டு போன கருவிகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. அதன் பிறகு என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடிந்ததில்லை.

நாலாம்மாடி:

டீச்சர், சோல்டரிங் அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. வீட்டுக் கீபோர்டை அளந்தேன், ஸி-யிலிருந்து ஸி 13.8 வந்தது. இத்தனை நாள் இவளிடம் "கவனமா வாசி" என்று சொல்லிக்கொண்டிருந்தேனே என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

நேற்று ஒரு பழைய பி-45 பார்த்தோம். விற்பவர் பிள்ளை மேற்படிப்புக்குப் போய்விட்டதாம், ஒரு வருடமாகத் துணி மூடிக் கிடந்தது. அண்ணா சொன்னபடி மூன்று தடவையும் போனேன். எல்லாம் சரி, நடுவில் ஒரே ஒரு கறுப்புக் கீ மட்டும் மெல்லத் தொட்டாலும் கத்துகிறது. இன்னொரு பிரச்சினை, பெடல் தலைகீழாக இருக்கிறது. மிதித்தால் ஓசை அறுபடுகிறது, காலை எடுத்தால் நீள்கிறது. கூடவே வந்தது வேறு ஏதோ கம்பெனிப் பெடல். இதை வாங்கலாமா?

சோல்டரிங்:

தாராளமாக வாங்கலாம். ஒரு கறுப்புக் கீ கத்துவது நான் சொன்ன தூசிதான். கருவியை மூடிக் கிடத்தியவர்கள் வீட்டில் அடிக்கடி பார்ப்பது. அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள், நியாயமான காரணம்தான்.

பெடல் கெட்டுப்போகவில்லை. சில கம்பெனிப் பெடல்கள் மிதித்தால் சர்க்யூட்டை மூடும், சில திறக்கும். பல கருவிகள் சுவிட்ச் போடும் நேரத்தில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே 'மிதிக்காத நிலை' என்று எடுத்துக்கொள்ளும். கருவியை அணைத்து, பெடலை முழுசாகச் செருகி, காலை வைக்காமல் மறுபடி போட்டுப் பாருங்கள். அப்படியும் தலைகீழ் என்றால் பெடலின் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், நகர்த்தினால் மாறிவிடும். அதுவும் இல்லை என்றால் பெடலை மட்டும் மாற்றுங்கள், அது சின்னச் செலவு.

பியானோ டீச்சர்:

வாங்கிவிடுங்கள் அம்மா. முதல் வாரம் புதுப் பாடம் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு கீயை எடுத்து, எவ்வளவு மெல்ல ஒலிக்க வைக்க முடியும் என்று அவளே தேடட்டும். ஐந்து விரலாலும், இரண்டு கையாலும். நான்காவது விரலில் நேரமாகும், அவசரப்படுத்த வேண்டாம்.

இன்னொன்று, ஹெட்ஃபோன் போட்டாலும் வெயிட்டட் கீயின் 'தொப் தொப்' சத்தம் ஸ்டாண்டு வழியாகத் தரையில் இறங்கும். கீழ்வீட்டுக்காரர்களுக்கு அது மட்டும் கேட்கும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் மேட் போடுங்கள்.

நாலாம்மாடி:

வாங்கிவிட்டோம். பெடலை எடுத்துச் செருகி, காலை வைக்காமல் சுவிட்ச் போட்டதும் சரியாகிவிட்டது. கறுப்புக் கீயைப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் திறந்து துடைத்துக் கொடுத்தார், இப்போது மற்ற கீகளோடு ஒத்துப்போகிறது. மேட் போட்ட பிறகு நானே கீழ்வீட்டில் போய் நின்று கேட்டேன், மேலே அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். காதைத் தீட்டினால் மட்டும் லேசாகக் கேட்கிறது. அவர்களும் பரவாயில்லை என்றார்கள்.

டீச்சர் சொன்ன ஒரு கீ பயிற்சியை மூன்று நாளாகச் செய்கிறாள். வலது கை வந்துவிட்டது. இடது கையின் நான்காவது விரலில் இன்னும் பத்துக்கு நான்கு தடவை ஓசை வரவில்லை. ஒவ்வொரு தடவையும் தாளில் கோடு போட்டு வைக்கிறாள்.